தனக்கு மிஞ்சித்தான் தானமா?

பதிவு எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. ஆபீஸ், பையனின் பத்தாம் வகுப்பு, நடுவில் ஊருக்கு ஒரு நடை என்று மாதங்கள் ஓடிவிட்டன. இப்போது உட்கார்ந்து தட்ட வைத்தது ஒரு பழமொழி.

செம்பூரில் நாங்கள் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். போன முறை பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு வெளிநாட்டு உதவியில் வந்து நின்றது. அமெரிக்கா தன் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை 2025-ல் இழுத்து மூடியது சரிதான் என்றார் ஒரு நண்பர். "அவன் காசு, அவன் ஜனத்துக்குச் செலவு பண்றான். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? 2021-ல நாமளும் ஊருக்கெல்லாம் தடுப்பூசி குடுத்துட்டு இங்க அல்லாடினதுதான் மிச்சம்." கூடத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

கடன் வாங்கித் தர்மம் செய்யாதே என்ற அளவில் அது நல்ல பழமொழிதான். ஆனால் தொற்று நோய்க்கு அது செல்லுமா? மருந்துக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலையிலும், மும்பையிலும், இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிளேக் கொடுத்த மாட்டுங்கா

1896-ல் பம்பாய்க்குப் பிளேக் வந்தது. ஹாங்காங் பக்கமிருந்து கப்பலில் வந்திருக்கலாம் என்பார்கள். அதற்குத் தடுப்பூசி கண்டுபிடித்தவர் வால்டெமார் ஹாஃப்கின். ஒடெஸாவில் பிறந்த யூதர், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கிராண்ட் மெடிக்கல் காலேஜில் கொடுத்த சின்ன இடத்தில் ராப்பகலாக வேலை செய்து, 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். பரேலில் இருக்கும் ஹாஃப்கின் நிறுவனம் அவர் பெயரில்தான். ருஷ்யப் பேரரசில் பிறந்து, பிரான்சில் வேலை கற்று, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஊரைக் காப்பாற்ற வந்தவர். எனக்கு மிஞ்சட்டும், அப்புறம் பம்பாயைப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லவில்லை.

பிளேக்கின் இன்னொரு விளைவு நம் ஆட்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நெரிசலும் காற்றோட்டம் இல்லாத சாக்கடைச் சந்துகளும்தான் காரணம் என்று நினைத்த அரசு, 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்தது. அகலத் தெரு, மரம், பூங்கா என்று அந்த டிரஸ்ட் போட்ட திட்டத்தில் வந்ததுதான் இன்றைய தாதர், மாட்டுங்கா. பின்னால் பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலி என்று நாலா பக்கமிருந்தும் வந்த ஆபீஸ் உத்தியோகக் குடும்பங்கள் அங்கே குடியேறின. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், கோயில், சங்கீத சபை, ஃபில்டர் காபி எல்லாம் வந்தன.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அங்கே தோல் ஷாப்பு போட்டார்கள். அதில் வேலை செய்ய வந்தவர்களில் பெரும்பாலோர் அதே சீமையின் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். அங்கே டிரஸ்டின் பூங்கா வரவில்லை. தாராவிக்குள் 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்றே ஒரு இடம் உண்டு. பெயரில் மட்டும் மாட்டுங்கா!

நகரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று செலவழித்த பணம் எந்தத் தெருவரைக்கும் போய் நின்றது என்பதற்கு அந்த ரயில் பாதை ஒரு அத்தாட்சி. அந்தக் கணக்கு 2020-ல் திரும்பி வந்தது.

தாராவியில் நடந்தது

2020 ஏப்ரல் 1. தாராவியில் முதல் கோவிட் நோயாளி, அன்றைக்கே இறந்தும்போனார். இரண்டரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் மாநகராட்சிக் கணக்குப்படி சுமார் 8.5 லட்சம் பேர். பத்துக்குப் பத்து அறையில் ஏழெட்டுப் பேர். நூற்றுக்கு எண்பது பேர் பொதுக் கழிப்பறையை நம்பி இருப்பவர்கள். இடைவெளி விடு, கையைக் கழுவு என்றால் எங்கே போவார்கள்? பிணங்கள் குவியப்போகின்றன என்று டி.வி.க்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

அப்படி நடக்கவில்லை. ஜி-வடக்கு வார்டின் உதவி ஆணையர் கிரண் திகாவ்கரும் அவரது ஆட்களும் செய்ததில் முக்கியமானது என்று நான் நினைப்பது ஒன்று. அந்த ஊர் மக்கள் ஏற்கெனவே யாரை நம்புகிறார்களோ அவர்கள் கையில் பொருளைக் கொடுத்தார்கள். சந்துக்குள் பத்தும் இருபதும் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கும் தனியார் டாக்டர்கள் பயந்து கிளினிக்கை மூடியிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு, கவச உடை, வெப்பமானி, ஆக்சிமீட்டர் கொடுத்து, 'திறங்க, நாங்க பின்னாடி இருக்கோம்' என்றார்கள். இருபதுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் முதலில் வீடு வீடாகப் போனார்கள். அந்த வெயிலில் கவச உடையோடு சந்துகளில் நடக்க முடியாமல், பிறகு காய்ச்சல் முகாமுக்கு மாறினார்கள். வீட்டில் தனிமைப்படுத்த இடமில்லாதவர்களுக்கு ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகம், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம் திறந்தன. பொதுக் கழிப்பறைகளைத் தினம் பலமுறை மருந்தடித்துக் கழுவினார்கள். சமூகச் சமையல்கூடங்களிலிருந்து பொட்டலச் சாப்பாடு போயிற்று.

மத்திய சுகாதார அமைச்சகக் கணக்குப்படி, ஏப்ரலில் 12 சதவிகிதமாக இருந்த தினசரி வளர்ச்சி, மே மாதம் 4.3, ஜூனில் 1.02 என்று இறங்கியது. 2020 ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ், இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியாவோடு சேர்த்துத் தாராவியின் பெயரையும் சொன்னார். ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு இந்த முறையை நம் மாநகராட்சி அனுப்பிவைத்தது. டிசம்பர் 25 அன்று, ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறையாக, தாராவியில் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை.

எங்கள் தெருவுக்கு இட்லி கொண்டுவரும் அண்ணாச்சி தாராவிக்காரர். பூர்வீகம் எங்கள் பக்கம்தான், நாங்குநேரி. தலையில் அலுமினியப் பாத்திரமும் கையில் பாம் பாம் ஹாரனுமாகக் காலை ஏழு மணிக்கு வந்துவிடுவார். ஊரடங்கில் வியாபாரம் நின்றுபோய்விட்டது. போனில் விசாரித்தேன்.

"அரிசி வந்துச்சு தம்பி. நல்ல அரிசிதான், இல்லங்கல. ஒரே வாரத்துல நாலு கூட்டம் வந்து அரிசி குடுத்து போட்டோ எடுத்துட்டுப் போனாவ. வீட்ல சிலிண்டர் தீந்து கெடக்கு. அத ஒருத்தரும் கேக்கல. அரிசிய மென்னா திங்க முடியும்?"

"பொறவு யாரு கேட்டா அண்ணாச்சி?"

"நம்ம சந்து டாக்டருதான். காய்ச்சல் பாக்க வந்தவரு, அடுப்ப ஒரு பார்வை பாத்தாரு. மறுநாளு சமைச்ச சாப்பாடு வந்துட்டு."

உலக வங்கி, ஐ.நா. சபை என்று பெரிய பெரிய அறிக்கைகள் நான் படித்திருக்கிறேன். உதவியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

57-ம் 16-ம்

கொஞ்சம் கசப்பான கணக்கும் இருக்கிறது. 2020 ஜூலை முதல் பாதியில் நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சேர்ந்து மூன்று வார்டுகளில் 6,936 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் எஃப்-வடக்கு என்பது மாட்டுங்கா இருக்கும் வார்டு. எம்-மேற்கு என்பது நாங்கள் இருக்கும் செம்பூர். மூன்றாவது தஹிசர் பக்கத்து ஆர்-வடக்கு. தாராவி இந்தச் சோதனையில் இல்லை. இது 'நம்ம' வார்டுகளின் கணக்கு!

குடிசைப் பகுதிகளில் 57 சதவிகிதம் பேருக்கு நோய் வந்துபோன தடயம். அடுக்குமாடிக் கட்டடங்களில் 16 சதவிகிதம். ஒரே வார்டு, ஒரே மார்க்கெட், ஒரே ரயில் ஸ்டேஷன். வித்தியாசம் கழிப்பறையிலும் தண்ணீர்க் குழாயிலும். உள்ளே எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதிலும்.

அப்படியானால் தாராவியின் வெற்றி பொய்யா? இல்லை. நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்ததால் பல உயிர்கள் தப்பின. ஆனால் குடிசைகளில் கணக்கில் வராமல் வந்துபோன நோய் ஏராளம் என்றும், பெரிய சுமையைச் சுமந்தது அந்தப் பக்கம்தான் என்றும் இந்த எண்கள் சொல்கின்றன. கட்டடங்களில் நாங்கள் கேட்டைப் பூட்டி, வேலைக்கார அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லி, பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த நாட்களில், பால் வண்டி, குப்பை வண்டி, ஆஸ்பத்திரி வார்டு எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதி அந்த 57-ல் இருந்தவர்கள். எங்கள் 16-க்கு அவர்கள்தான் விலை கொடுத்தார்கள். இதில் தானம் செய்தது யார், வாங்கியது யார்?

ஊர் எல்லை, நாட்டு எல்லை

மே மாதம் அண்ணாச்சி குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார். ஒன்பது குடும்பம் சேர்ந்து வண்டி பிடித்தார்கள். மாவட்ட எல்லையில் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை, பிறகு பள்ளிக்கூடத்தில் தனிமை. அந்த நாட்களின் தமிழ்நாட்டுச் செய்திக்குறிப்பு ஞாபகம் இருக்கும். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று தனி எண்ணிக்கை போடுவார்கள். நெல்லை, தூத்துக்குடி, கள்ளக்குறிச்சி எல்லாவற்றிலும் மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

தனிமை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் குழாயடிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "கொடைக்கு வரி வாங்க மட்டும் வருசா வருசம் தாராவிக்கு ஆளு வருதுல்லா தம்பி" என்றார் அண்ணாச்சி. மும்பையிலிருந்து பணம் வரலாம், மனுஷன் வரக்கூடாது. அயலூரில் பிழைக்கும் நம் எல்லோருக்கும் இது எங்கேயாவது ஒரு இடத்தில் சுடும்.

நாடுகள் செய்ததும் இதேதான், கொஞ்சம் பெரிய அளவில். எல்லா நாட்டுக்கும் தடுப்பூசி கிடைக்க வேண்டும் என்று 2020-ல் கோவேக்ஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் என்பது இலக்கு. ஆனால் 100 கோடியையே 2022 ஜனவரியில்தான் எட்டினார்கள். பந்திக்கு முந்து என்று பணக்கார நாடுகள் தங்கள் ஜனத்தொகையைப்போலப் பல மடங்கு முன்பதிவு செய்துவிட்டன. (2021 மே மாதம் கோவின் தளத்தில் ஸ்லாட் பிடித்த கதை நினைவிருக்கிறதா? வேகமான போனும் இங்கிலீஷும் இருந்தவனுக்குச் சில நொடியில் கிடைத்தது. தமிழ் முதலான மொழிகள் அதில் வந்தது ஜூன் மாதம். கோவேக்ஸும் அப்படித்தான்.) தடுப்பூசிகளுக்கும் மருந்துகளுக்கும் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்துங்கள் என்று 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கேட்டன. 2022 ஜூன் 17 அன்று, தடுப்பூசிக்கு மட்டும் என்று சுருக்கி, ஒரு முடிவு வந்தது. அதற்குள் பிரளயமே முடிந்திருந்தது.

கோவேக்ஸ் மலைபோல நம்பியிருந்தது நம் பக்கத்து ஊர் புனேயின் சீரம் நிறுவனத்தை. 2021 ஜனவரி 20 அன்று இந்தியாவின் முதல் தடுப்பூசி அன்பளிப்பு பூட்டானுக்குப் போனது. 1.5 லட்சம் டோஸ், மும்பை விமான நிலையத்திலிருந்து. பிப்ரவரி 24 அன்று கோவேக்ஸின் முதல் 6 லட்சம் டோஸ் கானாவில் இறங்கியது. மார்ச் 3 அன்று கென்யாவுக்கு 10 லட்சத்துக்குச் சற்று மேல். எல்லாம் புனே சரக்கு. பிறகு இங்கே இரண்டாம் அலை எழும்ப, ஏற்றுமதி நின்றது. அதற்குள் அனுப்பியது சுமார் 6.6 கோடி டோஸ். நம்முடைய ஜனத்தொகைக்கு அது ஒரு மூலைக்குக் காணாது. அதை வைத்திருந்தால் இரண்டாம் அலையைத் தடுத்திருக்கலாம் என்பது கணக்குக்கு வராத பேச்சு. ஆனால் முதல் டோஸ் போட்டுக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருந்த ஆப்பிரிக்க நர்ஸுக்கு, நின்றுபோன அந்தச் சரக்கு எல்லாமும்தான்.

இனி நடந்ததைப் பாருங்கள். 2021 ஏப்ரலில் நம் ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் இல்லை. 2004 சுனாமியின்போது வெளிநாட்டு உதவி வேண்டாம் என்று சொன்ன இந்தியா, பதினாறு வருஷத்துக்குப் பிறகு கை நீட்டியது. பெரிய நாடுகள் அனுப்பின. எட்டு லட்சம் பேர்கூட இல்லாத பூட்டான், அஸ்ஸாமுக்குத் தினம் 40 டன் திரவ ஆக்சிஜன் தருவதாக அறிவித்தது. தாராவியைவிடச் சின்ன ஜனத்தொகை! மே மாதம் கென்யா 12 டன் டீத்தூளும் காப்பியும் நிலக்கடலையும் அனுப்பியது. நம் முன்களப் பணியாளர்களுக்காக, மும்பைக்கு. டீத்தூளை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று இணையத்தில் சிலர் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்குப் போகவேண்டிய ஊசி நம் கோடவுனில் நின்றதோ, அவர்கள் தங்கள் வீட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மிஞ்சியிருந்ததா என்ன?

அண்ணன் பணம், தம்பி பணம்

அயல்நாட்டில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு காரியமான விஷயம். அந்த மே மாதம் எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர், செம்பூரில் வளர்ந்தவர்கள், தாராவியில் ஒரு சின்னச் சமையல்கூடத்துக்குப் பணம் அனுப்ப முயன்றார்கள். அண்ணன் நியூஜெர்சியில், அமெரிக்கக் குடிமகன். தம்பி மஸ்கட்டில், இந்தியப் பாஸ்போர்ட். தம்பி தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது உள்நாட்டுப் பணம் மாதிரி, சிக்கல் இல்லை. அண்ணன் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. வாங்குகிற அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே கதைதான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரின் பணம் சட்டத்துக்கு இரண்டு ஜாதி.

முன்பெல்லாம் பதிவு உள்ள பெரிய அமைப்புக்குக் கொடுத்து, அவர்கள் பதிவு உள்ள சிறு அமைப்புக்கு மாற்றிவிடலாம். 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது நியாயம். ஆனால் சந்து டாக்டரையும் சமையல்கூடத்து அக்காவையும் எட்ட வேண்டிய பணம் பெரிய கட்டடத்தோடு நின்றுவிடுகிறதே, அதற்கு யார் பதில் சொல்வது? 1898-ல் ரயில் பாதையோடு நின்றது போலத்தான்.

ஆகவே, அனுப்ப நினைப்பவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். குடியுரிமை மாறாத உறவினர் மூலம் அவரவர் சொந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்லலாம். குடியுரிமை மாறியவர்கள், பதிவு உள்ள அமைப்பாகவும் அந்தத் தெருவில் நேரடியாக வேலை செய்வதாகவும் பார்த்துக் கொடுங்கள். கொடுக்கும் முன் என்ன வேண்டும் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அரிசியா, சிலிண்டரா என்று அவர்கள் சொல்லட்டும்.

2025 மே 20 அன்று உலக சுகாதார சபை பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் ஜனவரியில் அமெரிக்கா அந்த நிறுவனத்தை விட்டு விலகுவதாக அறிவித்திருந்தது. அப்படியும் குழுவில் 124 நாடுகள் ஆதரித்தன, 11 ஒதுங்கிக்கொண்டன, எதிர்த்தது ஒருவரும் இல்லை. அதில் ஒரு பிரிவு எனக்குப் பிடித்தது. அடுத்த பெருந்தொற்று வந்தால், இந்த ஏற்பாட்டில் சேரும் கம்பெனிகள் தயாரிக்கத் தயாரிக்கவே 20 சதவிகிதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது இலக்கு. அதில் பாதியாவது, அதாவது 10 சதவிகிதம், இலவசம். எப்படி நடைமுறைப்படுத்துவது என்ற இணைப்பைத் தனியாகப் பேச வைத்துவிட்டார்கள். இழுபறி இருக்கத்தான் செய்யும். ஆனால் கருத்து சரியான கருத்து. மிஞ்சிய பிறகு கொடுப்பது இல்லை, ஆக ஆகவே பங்கு வைப்பது.

இது நம் வீடுகளுக்குப் புதிதும் அல்ல. பிடி அரிசி என்று ஒன்று வைத்திருந்தார்களே, எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சோறு மிஞ்சுமா என்று பார்த்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று சொன்ன அதே பெரியவர்கள்தான் இதையும் செய்தார்கள். பழமொழியை ஞாபகம் வைத்திருக்கிற நாம், அந்தப் பானையை மட்டும் எங்கே வைத்தோம்?